ஊட்னடாட்டா பாதையில் கேரவனுக்குள் செம்புழுதி

கேரவனின் (வாகனத்தின் பின்னால் இழுத்துச் செல்லும் வீட்டுவண்டியின்) கூரைத் திறப்பின் மூடியை, வாய் முன்னோக்கி இருக்கும்படி, சற்றே உயர்த்தி வைத்து ஓட்டுங்கள். ஜன்னல்களை இறுக மூடியும், ஆஸ்திரேலியாவின் ஊட்னடாட்டா மண்பாதையில் மாரீயிலிருந்து மார்லா வரை படுக்கையெல்லாம் புழுதி படிந்ததாக எழுதியிருக்கிறீர்கள். காரணம் பெரும்பாலும் ஜன்னல் அன்று. ஓடும் வண்டிக்குள் காற்றழுத்தம் வெளியைவிடக் குறையும்போது, கதவின் அடியிலுள்ள காற்றுத்துளைகளும் தரையில் குழாய்க்காக இட்ட துளைகளும் புழுதியை உள்ளே இழுக்கின்றன. முன்னோக்கிய கூரைத் திறப்பின் வழியே காற்று புகுந்தால் அந்த அழுத்தக் குறைவு ஈடாகும்.

இருட்டிய பின் உள்விளக்கை ஏற்றிவிட்டு, வண்டியின் அடியில் குனிந்து, எங்கே வெளிச்சம் கசிகிறது என்று பாருங்கள். குழாய்த் துளைகளை நிரந்தரமாக அடைத்துவிடலாம். கதவுத் துளைகளை மட்டும் ஓட்டும் நேரத்தில் ஒட்டுநாடாவால் மூடி, நிறுத்தியவுடன் தவறாமல் பிரித்துவிடுங்கள். காற்றைவிடக் கனமான சமையல் எரிவாயு கசிந்தால் தரையில்தான் தேங்கும்; அது வெளியேற அந்தத் துளைகள் திறந்திருக்க வேண்டும்.

எதிரே ரோடு ட்ரெயின் (பல இணைப்பு வண்டிகளை இழுத்து வரும் நீண்ட லாரி) வந்தால், ஓரம் நின்று கூரைத் திறப்பையும் மூடிவிடுவது நல்லது.