தொட்டிக்குள் அகழாய்வுக் குழி

கேள்வி: நான்காம் வகுப்பில் 30 பிள்ளைகள். போன வருடம் மணலில் பாசிமணியும் காசும் புதைத்துத் தோண்டச் சொன்னேன். ஐந்தே நிமிடத்தில் அள்ளி முடித்துவிட்டார்கள். தொல்லியல் என்றால் என்னவென்று ஒருவருக்கும் புரியவில்லை. எப்படிச் செய்வது? (ஆசிரியை, சிவகங்கை மாவட்டம்)

பதில்: ஒரே மணல், உள்ளே மினுக்கும் பொருள் என்றால் அது புதையல் வேட்டைதான். பிள்ளைகளைக் குறை சொல்ல முடியாது. தொட்டிக்குள் மண்ணடுக்கு வேண்டும். புதைப்பது உடைசலாக இருக்கட்டும். பக்கத்துக் கீழடியிலும் மிகுதியாகக் கிடைப்பது பானை ஓடுதானே.

ஆறு பேருக்கு ஒரு தொட்டி: 60 செ.மீ. நீளம், 40 அகலம், 30 ஆழம். அடியில் செம்மண் 8 செ.மீ.; அதன்மேல் அடுப்பெரிந்த தரைபோல ஒரு பிடி சாம்பலும் கரித்துண்டும்; வெள்ளம் வந்துபோன அடையாளமாக மணல் 3 செ.மீ.; மேலே தோட்டமண் 8 செ.மீ. ஒவ்வோர் அடுக்கையும் உள்ளங்கையால் அழுத்துங்கள். மண்ணைப் பிடித்தால் உருண்டையாக வேண்டும், தட்டினால் உதிர வேண்டும். ஈரம் மிஞ்சினால் ஓட்டில் அப்பிக்கொள்ளும். காய்ந்துபோனால் ஓரம் சரிந்து மேலடுக்குப் பொருள் கீழே விழும், பழையதும் புதியதும் கலந்துவிடும். கரிசல் வேண்டாம், காய்ந்தால் கல்லாகிவிடும்.

ஒரு சிறு மண்பானையைச் சாக்கில் போட்டு ஒரே அடியில் உடையுங்கள். விளிம்பை லேசாகத் தரையில் தேய்த்தால் கையைக் கிழிக்காது. அதிகம் தேய்த்தால் ஓடுகள் பொருந்தாது. ஒரு துண்டை எடுத்து வைத்துக்கொண்டு மற்றவற்றைச் செம்மண்ணில் புதையுங்கள். மேலடுக்கில் பேனா மூடி, 2011 என்று பொறித்த ஒரு ரூபாய்.

தொட்டியின் மேல் சணல் கட்டி ஆறு கட்டம் பிரியுங்கள். இருவர் ஐஸ்குச்சி, பெயின்ட் பிரஷ்ஷால் தோண்ட, ஒருவர் சணலிலிருந்து ஸ்கேலால் ஆழம் அளக்க, ஒருவர் வரைய, ஒருவர் எழுத, ஒருவர் சலிக்க. பத்து நிமிடத்துக்கு ஒருமுறை வேலை மாற வேண்டும், இல்லாவிட்டால் சண்டைதான். எதையும் பிடுங்கக் கூடாது: சுற்றிலும் மண்ணை நீக்கி, அளந்து, வரைந்த பிறகே எடுக்க வேண்டும். இரண்டு பீரியட் ஆகும்.

பாடம் அதன் பிறகுதான். ரூபாயைக் காட்டி, "இந்த மண் எப்போது சேர்ந்தது?" என்று கேளுங்கள். "2011" என்பார்கள். காசு பல வருடம் கைமாறியபின் விழுந்திருக்கலாமே! 2011-க்கு முன் இல்லை என்று மட்டுமே சொல்ல முடியும். ஓடுகளை ஒட்டும்போது ஓரிடம் ஓட்டையாகவே நிற்கும். அதைப் பார்த்து, எது கண்டது, எது ஊகம் என்று இரண்டு பத்தியாக எழுதட்டும்.

"டைனோசர் எலும்பு எங்கே?" என்று நிச்சயம் ஒருவர் கேட்பார். அவை 6.6 கோடி ஆண்டுக்கு முன்பே அழிந்தவை. தொல்லியல் தேடுவது மனிதர் விட்டுச்சென்றதை.

ஊர் மேட்டில் நிஜமான பழைய ஓடு கிடந்தால் எடுத்துவரச் சொல்லாதீர்கள். கிடந்த இடத்திலேயே படமெடுத்து மாவட்டத் தொல்லியல் அலுவலருக்குத் தெரிவியுங்கள்.