வேளாண்மை படித்தால் வேலை எங்கே இருக்கிறது? தயங்கும் பெற்றோருக்கு

வளரும் நாடுகளில் உணவு உற்பத்தியைப் பெருக்கும் துறைக்குப் போக வேண்டும் என்று உங்கள் மகள் சொல்வதாகவும், அதை நம்பி நான்கு வருடம் படிக்க வைக்கலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். தாராளமாகப் படிக்க வைக்கலாம். ஆனால் பொத்தாம்பொதுவாக ‘வேளாண்மை படித்தவர்’ என்று நின்றால் வேலை தேடி வராது. விளைச்சல் எங்கே நழுவுகிறது என்று கண்டுபிடித்து, அதை அளந்து காட்டத் தெரிந்தவருக்குத்தான் இந்தத் துறையில் மதிப்பு.

உற்பத்திப் பெருக்கம் என்றதும் எல்லோருக்கும் புதிய விதைதான் நினைவுக்கு வருகிறது. காரணம் இருக்கிறது. பிலிப்பைன்ஸில் உள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிறுவனம் 1966-ல் வெளியிட்ட ஐஆர் 8 குட்டை ரகம், உரம் இட்டாலும் சாயாமல் நின்றது. அதனால் ஆசியாவில் நெல் விளைச்சல் பெருகியது. ஆனால் அந்த ரகம் தண்ணீரும் உரமும் கிடைத்த வயலில்தான் முழுப் பலன் தந்தது. மணிச்சத்து (பாஸ்பரஸ்) வற்றிப்போன மானாவாரி மணற்பாங்கு நிலத்தில் விதையை மட்டும் மாற்றிப் பயனில்லை. நைஜர், மாலி, புர்கினா ஃபாசோ போன்ற நாடுகளில் கம்பு, சோளம் பயிரிடுவோருக்கு வறண்ட நிலப் பயிர்களை ஆராயும் சர்வதேச மையமான இக்ரிசாட்டின் ஆய்வாளர்கள் பரப்பிய முறை வேறு: உரத்தை வயல் முழுக்கத் தூவாமல், குழிக்கு 2 முதல் 6 கிராம் வரை, பாட்டில் மூடியால் அளந்து வேருக்குப் பக்கத்தில் இடுவது. முளைத்த வேர் தொடக்கத்திலேயே சத்தைப் பிடித்துக்கொள்கிறது, உரச்செலவும் குறைகிறது. இது மண்ணியலும் உழவியலும் படித்தவர்களின் வேலை.

அறுவடைக்குப் பிந்தைய தொழில்நுட்பத்தைப் பெற்றோர் பெரும்பாலும் கண்டுகொள்வதில்லை. இந்தப் பிரிவை நான் அழுத்திச் சொல்வேன். மக்காச்சோளத்தை 13 சதவீத ஈரப்பதத்துக்குக் கீழே உலர்த்தாமல் மூட்டை கட்டினால் பூஞ்சணம் பிடிக்கும். அஃப்லாடாக்சின் நஞ்சு சேரும். வேகவைத்தாலும் அது முழுதாகப் போகாது. உள்ளே இரண்டு பாலித்தீன் உறைகள் கொண்ட காற்றுப்புகாப் பைகளில் வண்டுகள் ஆக்சிஜன் தீர்ந்து செத்துவிடும், மருந்தே வேண்டாம். ஆனால் ஈரத் தானியத்தைப் போட்டுக் கட்டினால் அதே பை கெடுதல் செய்யும். ஒரு கருவி எந்தச் சூழலில் பலிக்கும், எதில் பலிக்காது என்று சொல்ல ஆள் தேவைப்படுகிறது.

அடுத்தது அளவீடு. விளைச்சலைக் கணிக்க வயலில் 5 மீட்டருக்கு 5 மீட்டர் கட்டம் போட்டு அறுத்து எடை போடுவார்கள். 10 கிலோ நெல் வந்தால் 400-ஆல் பெருக்கி ஹெக்டேருக்கு 4 டன் என்று எழுதிவிடலாம். ஆனால் அந்த நெல்லில் 20 சதவீத ஈரம் இருந்தால், வழக்கமான அளவுகோலான 14 சதவீத ஈரத்துக்குக் கணக்கிடும்போது அது 9.3 கிலோதான், ஹெக்டேருக்குச் சுமார் 3.7 டன். கட்டம் எங்கே விழ வேண்டும் என்பதையும் சீட்டுக் குலுக்கியதுபோல் வரும் சமவாய்ப்பு எண்களே முடிவு செய்ய வேண்டும். செழிப்பான மூலையைக் கண்ணால் பார்த்துத் தேர்ந்தால் கணக்கு வீங்கும். வீங்கிய கணக்கை நம்பும் அரசு தானியத்தைக் காலத்தில் இறக்குமதி செய்யாது. பயிர்க் காப்பீடு, உணவு இருப்புத் திட்டம் எல்லாமே இந்த எண்ணின் மேல்தான் நிற்கின்றன. ஆகவே எந்தப் பிரிவை எடுத்தாலும் புள்ளியியலை ஒதுக்க வேண்டாம் என்று மகளிடம் சொல்லுங்கள்.

அவளுக்கு இது பொருந்துமா என்று இந்த விடுமுறையிலேயே பார்த்துவிடலாம். தலா 5 கிலோ மண் நிரப்பிய 12 தொட்டிகளில் ஒரே கீரை. மூன்றுக்கு எதுவும் வேண்டாம், மூன்றுக்கு மக்கிய எரு, மூன்றுக்கு யூரியா, மூன்றுக்கு இரண்டும். யூரியா தொட்டிக்கு அரை கிராம் போதும்: 5 கிராமை ஒரு லிட்டர் தண்ணீரில் கரைத்து, முளைத்த 15-ஆம் நாள் தொட்டிக்கு 100 மில்லி ஊற்றட்டும். கையால் அள்ளிப் போட்டால் செடி கருகும். எந்தத் தொட்டி எங்கே என்பதைச் சீட்டுக் குலுக்கி வைக்க வேண்டும். இல்லாவிட்டால் சுவரோர நிழலின் விளைவை உரத்தின் விளைவாக எண்ணிவிடுவாள். ஒரு மாதத்தில் அறுத்து, வாடுமுன் எடை போடட்டும். தினமும் குறித்து வைப்பதும், ஒரே வகையைச் சேர்ந்த மூன்று தொட்டிகள் மூன்று விதமாக வந்தால் ஏன் என்று துருவுவதும் அவளுக்குச் சலிக்கவில்லை என்றால் தயங்காமல் சேருங்கள்.

வேலை நிலவரம் இதுதான். இளநிலைப் பட்டத்தோடு விரிவாக்க அலுவலர் (விவசாயிகளுக்குப் புதிய முறைகளைக் கொண்டுசேர்ப்பவர்), விதை, நீர்ப்பாசன நிறுவனங்கள், கிடங்கு, காப்பீடு ஆகியவற்றில் நுழையலாம். சர்வதேச ஆய்வு மையங்களில் உதவியாளர் பணிக்கு முதுநிலை கைகொடுக்கும். விஞ்ஞானி ஆக முனைவர் பட்டம் கட்டாயம். ஐ.நா. உணவு வேளாண் அமைப்பும் உலக உணவுத் திட்டமும் ரோமைத் தலைமையிடமாகக் கொண்டவை. அங்கே கள அனுபவமும் இன்னொரு மொழியும் கேட்பார்கள். மேற்கு ஆப்பிரிக்காவுக்கு பிரெஞ்சு பெரிதும் உதவும். ஒன்றை மறைக்கக் கூடாது: இவற்றில் பல, திட்ட நிதியை நம்பிய ஒப்பந்த வேலைகள். நிதி முடிந்தால் வேலையும் முடியும். வீட்டுக்கு நிலையான மாத வருமானம் உடனே தேவையென்றால் முதலில் அரசு விரிவாக்கப் பணி, பிறகு மேற்படிப்பு என்ற வரிசையே நல்லது.

கல்லூரியைத் தேர்வு செய்யும்போது கட்டடத்தைப் பார்க்காமல் மூன்று கேள்விகள் கேளுங்கள். மாணவர் தன் கையால் பயிர் செய்யச் சொந்தப் பாத்தி தருகிறார்களா? விவசாயிகளோடு கிராமத்தில் எத்தனை வாரம் தங்க வைக்கிறார்கள்? புள்ளியியல் செய்முறைக்கு மாணவரே வயலில் எடுத்த எண்களைப் பயன்படுத்துகிறார்களா, அல்லது புத்தகத்து எண்களா? மூன்றாவது கேள்விக்கு மழுப்பலான பதில் வந்தால் அடுத்த கல்லூரியைப் பாருங்கள்.