தைமஸ எடுத்துட்டாங்களா? டானிக் வாங்காதீங்க, ஆபரேஷன் பேப்பர எடுங்க

ராமநாதபுரம் பக்கம் மண்டபம் ஊர்ல இருந்து ஒரு தங்கச்சி கேட்டிருக்காங்க: பையனுக்கு 8 மாசம், இதயத்துல ஓட்டைன்னு 4 மாசத்துல மதுரையில ஆபரேஷன், அப்ப நெஞ்சுக்குள்ள இருக்குற தைமஸ்ங்கிற சுரப்பிய எடுத்துட்டதா சொன்னாங்களாம். இனி எதிர்ப்பு சக்தியே இருக்காதா, 9 மாச ஊசி போடலாமா, தெரிஞ்சவர் ஒருத்தர் 6000 ரூபாய்க்கு தைமஸ் டானிக் தர்றேங்கிறார் வாங்கவான்னு கேள்வி.

மொதல்ல அந்த 6000 ரூபாய முந்தானையில முடிஞ்சு வைங்கம்மா.

தைமஸ் நெஞ்செலும்புக்குப் பின்னாடி, இதயத்த மூடுன மாதிரி இருக்கும். கைக்குழந்தைக்கு அது பெருசு, அத ஒதுக்கினாத்தான் சர்ஜனுக்கு இதயம் தெரியும், அதனால எடுத்ததுல தப்பே இல்ல. எலும்பு மஜ்ஜையில பொறக்குற செல்லுங்க இங்க வந்துதான் கிருமியோட சண்டை போடுற டி செல்லா தேறுது, நம்ம உடம்பையே கடிக்கிறது, ஒண்ணுத்துக்கும் ஆகாததுன்னு கழிச்சுக் கழிச்சு 100ல 5 கூட வெளிய வராது. ஆனா பிள்ளை பொறக்கும்போதே தேறின கூட்டம் ரத்தத்துலயும் நெணநீர் முடிச்சுலயும் நெறஞ்சிருக்கும், கிருமி வந்தா அதுக்குப் பொருத்தமான செல் ஒரு வாரத்துக்குள்ள ஆயிரக்கணக்குல பெருகிடும். அதனாலதான் தைமஸ் எடுத்த பிள்ளைங்க, டி செல் கவுன்ட் கொஞ்சம் கொறஞ்சாலும், பெரும்பாலும் நல்லாவே வளருதுங்க.

டானிக்குக்கு வருவோம். எதையோ அரைச்சுக் குடுத்தா வயித்துல செரிச்சுப் போகும், செல்லுக்கு பாடம் சொல்லிக்குடுக்காது. பெத்தவங்க பயத்த மோப்பம் புடிச்சு வர்ற ஆளுங்க இவங்க, வாசல்லயே அனுப்பிடுங்க.

ஒண்ணே ஒண்ணு மட்டும் கவனம். டிஜார்ஜ்னு ஒரு பிறவிக் குறை உண்டு, 22ஆம் குரோமோசோம்ல ஒரு துண்டு இல்லாம பொறக்குறது. அதுல இதயக் கோளாறும் வரும், தைமஸும் சிறுத்தோ இல்லாமலோ இருக்கும், கால்சியம் கொறஞ்சு வலிப்பு வரலாம், அண்ணம் பிளந்திருக்கலாம். உங்க பையனுக்கு எடுக்குற அளவுக்கு தைமஸ் இருந்திருக்குங்கிறதே பாதி ஆறுதல். ஆனாலும் அந்த ஜீன் டெஸ்ட் எடுத்தாங்களான்னு சர்ஜன்கிட்ட கேட்டே ஆகணும், ஏன்னா டிஜார்ஜா இருந்தா டி செல் கவுன்ட் பாக்காம எம்ஆர் ஊசி (தட்டம்மை, ருபெல்லாவுக்குப் போடுறது), ரோட்டா சொட்டு, போலியோ சொட்டுன்னு பலவீனமாக்கின உயிருள்ள கிருமி இருக்குற தடுப்பு மருந்து எதுவும் குடுக்கக் கூடாது. இல்லைன்னு தெரிஞ்சுட்டா குழந்தை டாக்டர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு 9 மாசத்துல எம்ஆர் போட்டுருங்க, சும்மா தள்ளிப்போடாதீங்க, தட்டம்மை வந்தா முன்ன வந்த கிருமிய ஞாபகம் வச்சிருக்குற செல்லையும் அழிச்சுட்டுப் போகும்.

இதையெல்லாம் டிஸ்சார்ஜ் அன்னைக்கே தமிழ்ல ரெண்டு நிமிஷம் சொல்லியிருக்கலாம். இங்கிலீஷ்ல நாலு பக்கம் கிறுக்கி கையில திணிச்சா பெத்தவ என்ன செய்வா? எத்தனை வருஷமா கத்துறோம், கேக்க ஆளில்ல.

வாய்ல வெள்ளை படிஞ்சு போகவே இல்ல, வயித்துப்போக்கு நிக்கல, எடை ஏறலன்னா காத்திருக்காம கூட்டிட்டுப் போங்க. போகும்போது அந்த நாலு பக்கமும் தடுப்பூசி அட்டையும் கையில இருக்கட்டும், போன்லயும் போட்டோ எடுத்து வச்சுக்கங்க.