வெளிநாட்டு நகரங்களில் பிக்பொக்கெட்காரர்களிடம் சிக்காமல் இருப்பது எப்படி?

பிக்பொக்கெட் என்பது மிரட்டாமல், நமக்கே தெரியாமல் பையில் இருப்பதை எடுத்துவிடும் களவு. கை வேகத்தைவிட நம் கவனத்தை வேறு பக்கம் திருப்புவதில்தான் அது நடக்கிறது. மலையகத்தில் கொழுந்து பறிக்கும்போது கண் முழுக்கத் தளிரில் இருக்கும். காலில் அட்டை ஏறியது இரத்தம் வழிந்த பிறகே தெரியும். அதே கதைதான்.

பாரிஸ் நகரின் மொன்மார்த்தர் குன்றுப் படிக்கட்டில் ஒருவர் சிரித்துக்கொண்டே உங்கள் விரலில் நூல் கட்டத் தொடங்குவார். முடிச்சுப் போட்டதும் காசு கேட்பார், கொடுக்கும்வரை உங்களை விடமாட்டார். அந்த நேரம் கூட்டாளி பையைத் துழாவலாம். கையை நீட்டாதீர்கள், நிற்காமல் நடந்துவிடுங்கள். மெட்ரோவில் கதவோரம் போனை நீட்டிப் பார்ப்பதும் வேண்டாம். கதவு மூடும் நொடியில் பறித்துக்கொண்டு இறங்கிவிடுவார்கள். அப்புறம், கடவுச்சீட்டை உடுப்புக்கு உள்ளே வையுங்கள்.

கள்ளனைப் பார்த்தாலே தெரியும் என்று பலர் நம்புகிறார்கள். ஆனால் பெரும்பாலும் கள்ளர்கள் நல்ல உடுப்போடு, நம்மைப் போலவே சுற்றிப் பார்க்க வந்தவர்கள்போல் நிற்பார்கள்.