நிருபர் கூப்பிடும்போது போனை எடுங்கள்

கேள்வி: திருப்பூரில் ஒரு பனியன் ஏற்றுமதி கம்பெனியில் ஆறு மாதமாக பி.ஆர்.ஓ.வாக இருக்கிறேன். வாரம் ஒரு செய்திக்குறிப்பு அனுப்புகிறேன். இதுவரை இரண்டுதான் வந்திருக்கிறது, அதுவும் நாலு வரி. போன மாதம் எங்கள் டையிங் யூனிட் (சாய ஆலை) பற்றிக் கேட்க ஒரு நிருபர் மாலையில் கூப்பிட்டார். என்ன சொல்வதென்று தெரியாமல் எடுக்காமல் விட்டுவிட்டேன். மறுநாள் "நிர்வாகத்தைத் தொடர்புகொள்ள முடியவில்லை" என்று செய்தி வந்தது. "பேப்பர்காரங்களைச் சரிக்கட்டத் தெரியலையா அம்மணி?" என்று முதலாளி கேட்கிறார். எங்கே தவறினேன்? (வாசகி, திருப்பூர்)

பதில்: செய்திக்குறிப்பை அப்புறம் பார்ப்போம். முதலில் அந்தப் போன்.

நிருபர் ஆறு மணிக்குக் கூப்பிடுகிறார் என்றால் செய்தியை ஏறக்குறைய எழுதி முடித்துவிட்டார் என்று பொருள். மறுதரப்பின் விளக்கத்துக்காக ஒரு பத்தி காலியாக இருக்கும். மாவட்டப் பக்கங்கள் சீக்கிரம் முடிந்துவிடும். அவருக்கு மிஞ்சிப்போனால் ஒரு மணி நேரம் இருக்கும். நீங்கள் எடுக்காவிட்டால் செய்தி நின்றுவிடாது, அந்தப் பத்தியில் உங்கள் குரல் மட்டும் இருக்காது. எடுத்தவுடன் பதில் சொல்லியாக வேண்டும் என்றும் கட்டாயமில்லை. "என்ன புகாருங்க? யாரு சொல்றாங்க? எத்தனை மணிக்குள்ள வேணும்?" என்று மூன்றே கேள்விகளைக் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். சொன்ன நேரத்துக்குப் பத்து நிமிடம் முன்னால் திருப்பிக் கூப்பிடுங்கள். கையில் எதுவும் கிடைக்காவிட்டாலும் கூப்பிடுங்கள். "மாதிரி எடுத்து ஆய்வுக்கு அனுப்பியிருக்கிறோம், நாளை மதியம் முடிவைத் தருகிறோம்" என்பதும் பதில்தான். ஆனால் அப்படிச் சொல்லிவிட்டால் மறுநாள் மதியம் தந்தே ஆக வேண்டும்.

டையிங் விஷயத்தில் திருப்பூர் நிருபரிடம் பொதுப் பேச்சு எடுபடாது. சாயக் கழிவால் கெட்டுப்போன நொய்யல் ஆற்றையும் அதன் ஒரத்துப்பாளையம் அணையையும் பார்த்து வளர்ந்தவர்கள் அவர்கள். 2011 ஜனவரியில் உயர் நீதிமன்ற உத்தரவால் சாய ஆலைகள் மொத்தமாக மூடப்பட்டதை எழுதியவர்கள் இன்னும் களத்தில் இருக்கிறார்கள். ஆர்.ஓ., எவாப்பரேட்டர், உப்பு மீட்பு என்று சாயக் கழிவுநீரைச் சுத்திகரிக்கும் முறைகள் எல்லாம் உங்களைவிட அவர்களுக்கு நன்றாகத் தெரிந்திருக்கும். "அனைத்து விதிகளையும் பின்பற்றுகிறோம்" என்றால் சிரித்துக்கொண்டே எழுதிக்கொள்வார்கள். எனவே இந்த வாரமே டையிங் மேனேஜரோடு உட்கார்ந்து ஒரு பக்கம் தயாரியுங்கள்: ஒரு நாளைக்கு எத்தனை லிட்டர் கழிவுநீர் வருகிறது, சொந்தச் சுத்திகரிப்பா பொதுச் சுத்திகரிப்பு நிலையமா, மாசுக் கட்டுப்பாட்டு வாரிய அனுமதி எதுவரை, ராத்திரி பத்து மணிக்கும் போனை எடுத்துத் தகவல் சொல்லப்போவது யார். கடைசிக் கேள்விக்குத்தான் பெரும்பாலான கம்பெனிகளில் பதில் இருக்காது.

உலகின் முதல் செய்திக்குறிப்பு என்று வழக்கமாகச் சொல்லப்படுவதே ஒரு விபத்தில் பிறந்ததுதான். 1906-இல் அமெரிக்காவின் அட்லாண்டிக் சிட்டியில் ரயில் ஒன்று பாலத்திலிருந்து நீரில் விழுந்து 50க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். ரயில்வே கம்பெனிக்காக வேலை பார்த்த ஐவி லீ, விஷயத்தை அமுக்கப் பார்க்கவில்லை. நடந்ததைத் தானே எழுதிக் கொடுத்ததோடு, நிருபர்களை அந்த இடத்துக்கே அழைத்தார். நியூயார்க் டைம்ஸ் அந்தக் குறிப்பை அப்படியே வெளியிட்டது.

நான் இதைச் சூடுபட்டுத்தான் கற்றுக்கொண்டேன். ஒரு மில்லில் வேலை பார்த்தபோது, விபத்து எதுவும் இல்லை என்று மேனேஜர் சொன்னதை விசாரிக்காமல் நிருபரிடம் அப்படியே ஒப்பித்தேன். அவர் அதற்கு முன்பே ஆஸ்பத்திரிக்குப் போய் அடிபட்டவரைப் பார்த்துவிட்டுத்தான் எனக்குப் போன் போட்டிருக்கிறார்! அப்புறம் இரண்டு வருஷம் அவர் என் போனை எடுக்கவில்லை.

சரி, செய்திக்குறிப்புக்கு வருவோம். நீங்கள் இணைத்திருந்த மாதிரியைப் படித்தேன். "எங்கள் நிறுவனத்தின் ஆண்டு விழா சீரும் சிறப்புமாக" என்று தொடங்கி, குத்துவிளக்கு, பொன்னாடை, நிர்வாக இயக்குநர் உரை எல்லாம் தாண்டி ஒன்பதாவது வரியில் ஒரு விஷயம் ஒளிந்துகிடக்கிறது: தொழிலாளர்களின் பிள்ளைகளுக்கான காப்பகத்தை, ஒன்றரை ஷிப்ட் முடியும் இரவு எட்டரை வரை நீட்டித்திருக்கிறீர்கள், ஒடியா பேசத் தெரிந்த ஆயாவையும் வைத்திருக்கிறீர்கள். அம்மணி, செய்தி அதுதான். ஆண்டு விழாவைத் தூக்கிப் போட்டுவிட்டு அதை முதல் வரியாக்குங்கள். ஆனால் "காப்பகம் திறந்தோம்" என்று பெருமைப்பட்டால் நிருபர் மடக்குவார். பெண்கள் அதிகம் வேலை செய்யும் ஆலைகளுக்குக் காப்பகம் 1948 தொழிற்சாலைகள் சட்டத்திலேயே கடமையாகச் சொல்லப்பட்டது. எட்டரை மணியும் ஒடியாவும்தான் புதுசு. ஒன்றரை ஷிப்டுக்கு ஓவர்டைம் எப்படிக் கொடுக்கிறீர்கள் என்றும் கேட்பார். அதற்குப் பதில் இல்லையென்றால் இந்தக் குறிப்பையே அனுப்பாதீர்கள்.

லெட்டர்ஹெட்டில் அடித்து, கையெழுத்துப் போட்டு, ஸ்கேன் செய்து அனுப்புகிறீர்கள். பத்திரிகை ஆபீஸில் செய்தியைத் திருத்தும் டெஸ்க்கில் இருப்பவர் அதை முழுக்க மறுபடி டைப் செய்ய வேண்டும். இரவு ஏழு மணிக்கு யார் செய்வார்கள்? யூனிகோடில், மெயிலிலேயே ஒட்டி அனுப்புங்கள். படத்தை வாட்ஸ்அப்பில் சாதாரணமாகப் போட்டால் தரம் குறைந்துவிடும், டாக்குமெண்டாகப் போடுங்கள். கீழே இடமிருந்து வலமாகப் பெயர்கள் வேண்டும், இனிஷியலோடு. திங்கட்கிழமை காலையில் பிரஸ் மீட் வேண்டாம். கலெக்டர் ஆபீஸ் குறைதீர் நாளில் நிருபர்கள் எல்லாரும் அங்கேதான் இருப்பார்கள். ஒரே குறிப்பை நாற்பது பேருக்கு அனுப்புவதைவிட, அவிநாசி, பல்லடம் பக்கம் எழுதும் பகுதி நேர நிருபருக்கு ஒன்றும், கோவையில் ஜவுளித்துறை பார்ப்பவருக்கு வேறொன்றும் எழுதலாம். முன்னவருக்கு உங்கள் தெருக்காரர்களின் கதை வேண்டும், பின்னவருக்கு ஆர்டர் நிலவரமும் நூல் விலையும்.

முதலாளி சொல்லும் "சரிக்கட்டுவது" பற்றி. நம் ஊர் பிரஸ் மீட்டில் "கவர்" என்ற சொல்லுக்கு இரண்டு அர்த்தம் உண்டு என்பது உங்களுக்கும் தெரிந்திருக்கும். சாப்பாடு போடுங்கள், பணம் வைத்த கவர் கொடுக்காதீர்கள். வாங்காத நிருபருக்கு அது அவமானம். வாங்குகிறவர் எழுதும் நாலு வரியால் உங்களுக்கு ஒன்றும் ஆகப்போவதில்லை. "விளம்பரம் கொடுக்கிறோமே" என்று நிருபரிடம் சொல்வதும் அதே ரகம். விளம்பரத்துக்கு வேறு ஆள், வேறு மாடி. அச்சுக்குப் போகும் முன் செய்தியைக் காட்டச் சொல்லாதீர்கள். எண்களை மட்டும் ஒருமுறை சரிபார்க்கச் சொல்லலாம், அதில் யாரும் கோபித்துக்கொள்வதில்லை. "இது எழுதுறதுக்கில்லீங்க" என்று பேசி முடித்த பிறகு சொல்வதில் பயனில்லை. பேச ஆரம்பிக்கும் முன்னால், அவர் சரி என்ற பிறகுதான் அது செல்லும்.

போன மாதம் கூப்பிட்ட அந்த நிருபரை இந்த வாரம் போய்ப் பாருங்கள். செய்திக்குறிப்பு எதுவும் கொண்டுபோக வேண்டாம். அன்றைக்கு எடுக்காதது தப்பு என்று சொல்லி, உங்கள் நம்பரையும் டையிங் மேனேஜர் நம்பரையும் கொடுத்துவிட்டு வாருங்கள். காப்பகச் செய்தி அதற்கு அடுத்த வாரம் போகட்டும். பிள்ளைகளின் படம் போடுவதாக இருந்தால் அம்மாக்களிடம் கேட்டுவிடுங்கள், ஒடியாவிலேயே.