தொந்தரவு குடுங்க தம்பி

அன்புள்ள அக்கா,

நீங்க பென்சில்வேனியாவுல இருந்த நாட்களைப் பத்தி எழுதினதைப் படிச்சதுல இருந்து யூடியூப்ல ஆமிஷ்ங்கிற கிறிஸ்தவ சமூகத்தோட கிராமங்களாவே பாத்துட்டு இருக்கேன். கரண்ட் கிடையாது, கார் கிடையாது, குதிரை வண்டி, பனி, அறுவடை... என்ன ஒரு அமைதியான வாழ்க்கை! அவங்களுக்கு ஒரு வருஷம் எப்படிப் போகும்னு எழுதுங்களேன். 16 வயசானா பசங்களை ஊர் சுத்த விட்டுடுவாங்களாமே, நிஜமா? போன வாரம்தான் அப்பாவுக்கு மூட்டு ஆபரேஷன் முடிஞ்சு வீட்டுக்குக் கூட்டிட்டு வந்தேன். டாக்சி, சாப்பாடு, நர்ஸ் எல்லாம் ஆப்லயே புக் பண்ணி யாருக்கும் தொந்தரவு குடுக்காம தனியா சமாளிச்சேன். ஐடி வேலையை விட்டுட்டு அவங்க மாதிரி போயிடலாமான்னு இருக்கு.

கோவையிலிருந்து ஒரு வாசகன்

அன்புள்ள தம்பி,

அப்பா இப்ப எப்படி இருக்கார்? வலிக்குதுன்னு சொன்னார்னு முட்டி மடக்குற பயிற்சியை மட்டும் விட்டுடாதீங்க.

அந்த 16 வயசுக் கதையை விட்டுத்தள்ளுங்க, டிவிக்காரங்க ஊதிப் பெருசாக்குனது. முக்கால்வாசிப் பசங்க ஞாயித்துக்கிழமை சாயங்காலம் ஒரு வீட்டுல கூடிப் பாட்டுப் பாடுவாங்க, அவ்ளோதான்.

ஆனா "அமைதி"ன்னு எழுதியிருக்கீங்க பாருங்க, அதுக்குத்தான் எனக்குக் கோவம் வந்துச்சு. பென்சில்வேனியாவுல லங்காஸ்டர்ங்கிற மாவட்டத்துல எங்களுக்குப் பக்கத்து வீடு ஆமிஷ் பண்ணை, நாப்பது கறவை மாடு. விடிகாலை நாலரைக்கெல்லாம் டீசல் இஞ்சின் சத்தம் கேக்கும், கறவை மிஷினும் பாலைக் குளுர வைக்கிற டேங்க்கும் அதுலதான் ஓடும். வெளியில பனி கொட்டினாலும் காய்ச்சலா இருந்தாலும் நாலரைன்னா நாலரை. இதுல அமைதியை எங்க கண்டீங்க?

வருஷம் எப்படிப் போகும்னு கேட்டீங்க. பிப்ரவரி கடைசில உறைஞ்ச மண்ணு இளகி சேறாகுறப்ப ஊர் தீயணைப்புப் படைக்கு நிதி சேக்க ஏலம் விடுவாங்க, அதுக்குப் பேரே மட் சேல், அதாவது சேத்து ஏலம். பழைய ஏர், பக்கிங்கிற குதிரை வண்டி, பொம்பளைங்க பனிக்காலம் பூரா உக்காந்து தைச்ச கில்ட் போர்வைன்னு எல்லாம் வரும், தீயணைக்க ஓடுற வாலண்டியர்கள்லயும் ஆமிஷ் ஆளுங்க நிறைய. அப்புறம் கோவேறு கழுதை பூட்டி உழவு. ஜூன்ல தீவனப்புல் அறுத்துக் காயவெச்சுக் கட்டணும், ஜூலைல கோதுமை, செப்டம்பர்ல மக்காச்சோளத்தைத் தண்டோட நறுக்கி சைலோங்கிற தீவனக் கிடங்குல ரொப்பணும். நவம்பர் வந்தா கல்யாணம். குளிர்ல பன்னி வெட்டுறது, காஞ்ச புகையிலையைக் காம்புல இருந்து உரிக்கிறது.

அந்தப் புல் கட்டுற மிஷினை நான் முத தடவை பாத்தப்ப ரோட்டோரமா வண்டியை நிறுத்திட்டேன். மிஷின் மேலயே ஒரு இஞ்சின் உக்காந்துட்டு தடதடன்னு புல்லை அமுக்கிக் கட்டுது, ஆனா அந்த மிஷினை இழுத்துட்டுப் போறது கோவேறு கழுதைங்க, சக்கரம் இரும்பு, ரப்பர் டயர் கிடையாது. இஞ்சின் வெச்சவங்களுக்கு டிராக்டர் வெக்கத் தெரியாதா? வயல்ல டிராக்டர் இறங்கினா ஒருத்தனே நூறு ஏக்கர் பாத்துக்குவான், நிலத்தை வளைச்சுப் போடுவான், பக்கத்து வீட்டுக்காரன் எதுக்குன்னு ஆயிடும். காரும் அப்படித்தான், ஏறிப் போகலாம், சொந்தமா வெச்சுக்கக் கூடாது. வருஷத்துக்கு ரெண்டு தடவை, வசந்தத்துலயும் இலையுதிர் காலத்துலயும், திருவிருந்துக்கு முன்னாடி சபையே கூடி இந்த விதிகளையெல்லாம் பேசி ஒத்துக்கணும். ஆர்ட்நுங்னு சொல்லுவாங்க.

கார் இல்லாததால அவங்க கேட்டாகணும். எங்கிட்ட அப்ப ஒரு வேன் இருந்துச்சு, அதனால எங்கிட்டயும் கேப்பாங்க. ஒரு ஆகஸ்ட்ல பக்கத்து வீட்டம்மாவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போக வாசல்ல நிக்கிறேன், தோட்டத்துல வரிசை வரிசையா செலரிக் கீரை, தண்டு வெளுக்கணும்னு மண்ணை அணைச்சு அணைச்சு விட்டிருக்காங்க. ஒரு வீட்டுக்கு இவ்ளோ செலரி எதுக்குன்னு கேட்டேன். பெரிய பொண்ணு பீன்ஸ் கூடையைத் தூக்கிட்டு உள்ள ஓடிருச்சு, அம்மா மழையைப் பத்திப் பேச ஆரம்பிச்சாங்க. நவம்பர்ல ஒரு செவ்வாக்கிழமை அந்த வீட்டு முன்னாடி பக்கி வண்டியா நிக்குது, அப்பதான் எனக்கு உறைச்சுச்சு, அந்தச் செலரி பெரிய பொண்ணு கல்யாண விருந்துக்குன்னு. முந்நூறு பேருக்கு மேல சாப்பாடு, கோழியும் ரொட்டியும் கலந்த ரோஸ்ட், வெள்ளை சாஸ்ல வேக வெச்ச செலரி, மேஜைல பூ வெக்கிற மாதிரி கண்ணாடி ஜாடில செலரித் தண்டு. ஒரு கேட்டரிங்காரன் கிடையாது, சமைச்சது பரிமாறினது கழுவினது எல்லாம் சொந்தக்காரங்களும் அக்கம்பக்கமும். அடுத்த வியாழக்கிழமை இவங்க இன்னொரு வீட்டுல பாத்திரம் கழுவிட்டு இருந்தாங்க.

இப்ப உங்க கடிதத்துக்கு வரேன். "யாருக்கும் தொந்தரவு குடுக்காம"ன்னு பெருமையா எழுதியிருக்கீங்க, அதைப் படிச்சு எனக்குக் கண்ணு கலங்கிருச்சு தம்பி. ஆஸ்பத்திரி வராண்டாவுல மூணு நாள் தனியா உக்காந்திருந்தீங்களா? எதிர் வீட்டுக்காரர்கிட்ட கூடவா சொல்லல? அவங்க வாழ்க்கை மேல ஆசைப்படுறீங்க, அங்க தொந்தரவு குடுக்காம ஒரு நாள் ஓட்ட முடியாது. பெரும்பாலானவங்களுக்கு மெடிக்கல் இன்சூரன்ஸ் கிடையாது, ஒருத்தருக்கு ஆபரேஷன்னா சபைதான் காசு போடும். சைலோ ரொப்ப நாலு வீட்டு ஆளு வரணும், நீங்க அந்த நாலு வீட்டுக்கும் போகணும், போன மாசம் சண்டை போட்டவன் வீட்டுக்கும் சேத்து. அதைக் கழிச்சுட்டு குதிரையையும் லாந்தரையும் மட்டும் எடுத்துட்டு வந்து என்ன பண்ணப் போறீங்க?

அதுக்கு அவங்க குடுக்குற விலையும் எனக்குத் தெரியும். படிப்பு எட்டாவதோட சரி, 1972ல அமெரிக்க சுப்ரீம் கோர்ட்டே அதை அனுமதிச்சிருச்சு. ஞானஸ்நானம் வாங்கினப்புறம் வெளியேறினா பெத்தவங்களோட ஒரே மேஜைல உக்காந்து சாப்பிட முடியாத நிலைமை வரும். எம் பொண்ணை எட்டாவதோட நிறுத்த நான் எந்தக் காலத்துலயும் சம்மதிக்க மாட்டேன். அதனால அவங்க மாதிரி வாழுங்கன்னு உங்களுக்கு நான் சொல்லவே மாட்டேன், வேலையையும் விடாதீங்க.

தையல் பிரிக்கக் கூட்டிட்டுப் போற அன்னைக்கு மட்டும் டாக்சி புக் பண்ணாதீங்க. எதிர் வீட்டுக் கதவைத் தட்டி, அண்ணே, அப்பாவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போகணும், கூட வரீங்களான்னு கேளுங்க. அவர் என்ன சொன்னார்னு எனக்கு எழுதுங்க.

அன்புடன்,
அக்கா