சாமித் தட்டில் ஒரு சிவப்பு பஸ்

இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் சின்னப் பிள்ளைகளைப் பற்றியவை. மூன்றை எடுத்திருக்கிறேன். முதலாவதற்கு நீளமாகப் பதில் எழுத வேண்டியிருந்தது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: அம்மா, எனக்கு 31 வயது. வெள்ளவத்தையில் ஒரு தொடர்மாடியின் ஐந்தாம் மாடியில் இருக்கிறோம். மகனுக்கு நாலு வயது, மகளுக்கு ஒன்றரை. யாழ்ப்பாணத்தில் இருந்த காலத்தில் குளித்துச் சிவபுராணம் முழுவதும் பாடாமல் தேத்தண்ணிகூடக் குடிக்க மாட்டேன். இப்போது விளக்கேற்றிக் கண்ணை மூடினால் பின்னால் ஏதாவது விழுந்து உடைகிற சத்தம் கேட்கிறது. போன வெள்ளிக்கிழமை கோயிலில் பூசை நேரம் மகன் கத்த, மகள் தீபத்தைக் கண்டு அழ, பக்கத்தில் நின்ற ஒருவர் "பிள்ளையளை வெளியிலை கொண்டு போங்கோ" என்றார். வழி முழுக்க அழுதுகொண்டு வந்தேன். கடவுள் எனக்குத் தூரமாகிவிட்டார் போல இருக்கிறது. பிள்ளைகளோடு இருப்பதிலும் சந்தோஷம் தெரியவில்லை, எப்போது இரவு வரும் என்றுதான் பார்த்துக்கொண்டிருக்கிறேன். நான் கெட்ட தாயா?

பதில்: மகள், நீங்கள் கெட்ட தாய் இல்லை. இதை முதலில் சொல்லி வைக்கிறேன், மிச்சத்தை வாசிப்பதற்குள் சின்னவள் எழும்பிவிடக்கூடும்.

இன்னொன்றையும் கையோடு கேட்டுவிடுகிறேன். பிள்ளைகள் தூங்கிய பிறகும் உங்களுக்குத் தூக்கம் வராமல், சாப்பாடு பிடிக்காமல், ஒன்றிலும் மனம் ஒட்டாமல் இரண்டு கிழமைக்கு மேல் போகிறதா? அப்படியென்றால் அதைப் பக்திக் குறைவு என்று நினைத்துப் பூட்டி வைக்காதீர்கள், வைத்தியரிடம் கதைக்க வேண்டிய விஷயம் அது. உங்கள் பகுதிக் குடும்பநல உத்தியோகத்தரிடம் சொன்னால் வழி காட்டுவார், தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்ற இலக்கத்துக்கு எந்த நேரமும் அழைக்கலாம். கும்பிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று யாராவது சொன்னால், கும்பிட்டுவிட்டு வைத்தியரிடமும் போங்கள்.

களைப்பும் மனக்குறையும்தான் என்றால், என் வீட்டுக் கதை ஒன்றைச் சொல்கிறேன்.

என் மூத்தவனுக்கு அப்போது மூன்றரை வயது. கொட்டாஞ்சேனையில் இரண்டு அறை வீடு, சாமிக்கென்று தனி அறை கிடையாது, சமையலறைச் சுவரில் அடித்த ஒரு பலகைத் தட்டுத்தான். ஒரு நாள் காலையில் குளித்துவிட்டு வந்து பார்க்கிறேன், பிள்ளையார் படத்துக்கு முன்னால் அவனுடைய பிளாஸ்டிக் பஸ் நிற்கிறது, இ.போ.ச. பஸ் மாதிரியே நல்ல சிவப்பு. நாலு சில்லிலும் சந்தனம். முன்கண்ணாடியில் குங்குமம், அது போதாதென்று சிமிழ் கவிழ்ந்து தட்டு முழுக்கவும் குங்குமம். கூரையில் ஒரு செவ்வரத்தம்பூ. கீழே முக்காலி, அதன் மேல் கையெல்லாம் மஞ்சளும் சிவப்புமாக அவன். எனக்கு வந்த கோபத்தில் கையை ஓங்கிவிட்டேன். மாமி அடுப்படியில் தேங்காய் துருவிக்கொண்டிருந்தவர், திரும்பியும் பார்க்காமல் சொன்னார்: "விடு பிள்ளை. தன்னட்டை இருக்கிறதுக்குள்ளை பெரிய சாமானைத்தானே கொண்டுவந்து வைச்சிருக்கிறான்."

கையை இறக்கிவிட்டேன். நான் அன்றுவரை பிள்ளையாருக்கு வைத்ததெல்லாம் வாசலில் வாங்கிய பூ, கடையில் வாங்கிய கற்பூரம். எனக்கு அதைவிட்டால் இருக்க முடியாது என்று ஒன்றை நான் ஒருநாளும் அந்தத் தட்டில் வைத்ததில்லை. பஸ் நாலு நாள் அங்கேயே நின்றது. ஐந்தாம் நாள் அவனே எடுத்துக்கொண்டான். ஏனடா என்று கேட்டதற்கு, பிள்ளையார் போயிட்டு வந்திட்டார் என்றான்.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், உங்கள் வீட்டில் இப்போது பூசை நின்றுபோய்விட்டதாக நீங்கள் எழுதியிருக்கிறீர்கள், எனக்கு அப்படித் தெரியவில்லை. நம் தமிழில் பிள்ளைத்தமிழ் என்று ஒரு வகை இருக்கிறது, பள்ளிக்கூடத்தில் படித்திருப்பீர்கள். பத்துப் பருவம். கடவுளையே கைக்குழந்தையாக்கி, ஐந்தாம் மாதம் தலையை நிமிர்த்தி ஆடுவதைச் செங்கீரை என்றும், ஒன்பதாம் மாதம் கைகொட்டுவதைச் சப்பாணி என்றும், ஒன்றரை வயதில் நிலாவை விளையாடக் கூப்பிடுவதை அம்புலி என்றும் பாடினார்கள். தாலாட்டு, முத்தம், மணல்வீட்டை உதைத்துக் கலைப்பது, சின்னப் பறையைத் தட்டிச் சத்தம் போடுவது எல்லாம் அதற்குள் இருக்கிறது. ஒரு வீட்டில் நாள் முழுக்க நடக்கிற ஆரவாரத்தை அப்படியே எடுத்துக் கும்பிடுகிற பாட்டாக வைத்திருக்கிறார்கள். உங்கள் மகள் அம்புலிப் பருவத்தில் இருக்கிறாள். மகன் பாத்திரத்தைக் கரண்டியால் அடித்தால் அது சிறுபறை. காது வலிக்கும், எனக்குத் தெரியும், எனக்கும் வலித்தது. ஆனாலும் அந்தப் பெயர்களைத் தெரிந்துகொண்ட பிறகு அதே சத்தத்தை நான் வேறு மாதிரிக் கேட்கத் தொடங்கினேன்.

சரி, இனி செய்யக்கூடியதைப் பார்ப்போம். சிவபுராணம் 95 வரி. இப்போதைக்கு முதல் ஐந்து வரி போதும், அதையும் கண்ணை மூடாமல், சின்னவளை இடுப்பில் வைத்துக்கொண்டு சத்தமாகப் பாடுங்கள். மூன்று மாதம் போனால் மகன் அந்த ஐந்தையும் கொச்சையாகத் திருப்பிச் சொல்வான், பிறகு ஆறாவது வரியைச் சேருங்கள். விளக்கை உயரத்தில் வையுங்கள், நெருப்புப்பெட்டி அவர்கள் கைக்கு எட்டக்கூடாது. ஆனால் பூ வைப்பது மகனுடைய வேலை என்று கொடுத்துவிடுங்கள். பல்கனியில் ஒரு சாடியில் செவ்வரத்தையோ நந்தியாவட்டையோ வளர்த்தால் அதற்குத் தண்ணீர் ஊற்றுவதும் அவனுடைய வேலை. வேலை இருக்கிற பிள்ளை கத்துவது குறையும். அப்புறம் சனிக்கிழமை காகத்துக்குச் சோறு. கொழும்பில் காகத்துக்குப் பஞ்சமா? பல்கனிக் கம்பியில் ஒரு பிடி வைத்துவிட்டுக் கா கா என்று அவன் கூப்பிட, அது தலையைச் சரித்துப் பார்த்துவிட்டு வந்து எடுக்க, அந்த முகத்தைப் பார்ப்பதற்காகவே நான் சனிக்கிழமைகளுக்குக் காத்திருந்திருக்கிறேன்.

கோயிலுக்கு வெள்ளிக்கிழமை மாலைப் பூசைக்குத்தான் போகவேண்டும் என்று ஒரு சட்டமும் இல்லை. கூட்டமில்லாத ஒரு புதன்கிழமை காலையில் போங்கள், பத்து நிமிடம் நின்றுவிட்டு வாருங்கள். முடிந்தால் ஒருமுறை கொச்சிக்கடைப் பொன்னம்பலவாணேஸ்வரர் கோயிலுக்குக் கொண்டுபோங்கள். சேர் பொன்னம்பலம் இராமநாதன் கடந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் முழுவதும் கருங்கல்லால் கட்டிய கோயில், வெளியில் புறக்கோட்டைப் பக்கத்து வெயிலும் லொறிச் சத்தமும், உள்ளே காலை வைத்தால் கல் குளிரும். பிள்ளைகளை அந்தத் தூண்களைத் தொட விடுங்கள். என் இளையவள் ஒரு தூணைக் கட்டிப்பிடித்துக் கன்னத்தை வைத்துக்கொண்டு நகரவே மாட்டேன் என்று நின்றாள். அன்று நான் ஒரு தேவாரமும் பாடவில்லை, அவள் பக்கத்தில் நிலத்தில் இருந்தேன், அவ்வளவுதான். இத்தனை வருஷத்தில் எத்தனையோ திருவிழா பார்த்துவிட்டேன், நினைவில் நிற்பது அந்தக் காலைதான்.

"வெளியிலை கொண்டு போங்கோ" என்றவரை மறந்துவிடுங்கள். அவரைப் போன்றவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும்: மேளமும் மணியும் சங்கும் சேர்ந்து முழங்குகிற நேரம் ஒரு குழந்தையின் அழுகை உங்கள் பிரார்த்தனையைக் கெடுக்கிறதென்றால், அந்தத் தாயின் கையிலிருந்து பிள்ளையை இரண்டு நிமிடம் வாங்கி வைத்திருங்கள். அவளும் தீபத்தைப் பார்க்கட்டும்.

சந்தோஷம் தெரியவில்லை என்றீர்களே. நீங்கள் இருக்கிற இடம் வெள்ளவத்தை, மகள். மரைன் டிரைவைக் கடந்தால் தண்டவாளம், தண்டவாளத்துக்கு அப்பால் கடல். மாலையில் தெகிவளைப் பக்கம் போகிற ரயிலில் வாசல் வரைக்கும் ஆட்கள் தொங்கிக்கொண்டு வருவார்கள், வேலை முடிந்து களைத்த முகங்கள், ஆனால் ஒரு குழந்தை கை காட்டினால் அவர்களில் யாராவது ஒருவர் திருப்பிக் கை காட்டாமல் போவதில்லை. வீதியின் இந்தப் பக்கத்தில் பாதுகாப்பாக நின்று, கையைப் பிடித்துக்கொண்டு, எத்தனை பெட்டி என்று எண்ண விடுங்கள். தொலைபேசியைக் கொண்டுபோகாதீர்கள்.

அடுத்த போயா நாளில் வீட்டுக்காரரும் வீட்டில் இருப்பார்தானே. மூன்று மணித் தூக்கம் முடிந்ததும் நாலு பேருமாகக் காலிமுகத்திடலுக்குப் போங்கள். பட்டம், இறால் வடை, காற்று, அதெல்லாம் இருக்கும். சூரியன் கடலில் இறங்குகிறதை எல்லோரும் பார்த்துக்கொண்டு நிற்பார்கள். அந்த நேரம் சின்னவளைத் தூக்கி மறுபக்கம் திருப்புங்கள். பூரணை நாளில் அங்கே சூரியன் கடலுக்குள் போகிற அதே நேரத்தை ஒட்டி, முதுகுப் பக்கத்தில் கட்டடங்களுக்கு மேலால் முழுநிலா எழும்பும், முதலில் மங்கலாக, பிறகு மஞ்சளாக. கையை நீட்டி வா வா என்று கூப்பிடச் சொல்லிக்கொடுங்கள்.

கேள்வி: நான் சைவம், மனைவி கத்தோலிக்கர், கொட்டாஞ்சேனையில் இருக்கிறோம். ஐந்து வயது மகள் "இயேசுவா முருகனா பெரியவர்" என்று கேட்கிறாள். இரண்டு பக்கத்துப் பெரியவர்களும் ஆளுக்கொரு பக்கம் இழுக்கிறார்கள். ஏப்ரல் 21ஆம் திகதி அந்தோனியார் கோயிலில் மெழுகுதிரி ஏற்றி அழுதவர்களைப் பார்த்து, ஏன் அழுகிறார்கள் என்றும் கேட்டாள். இரண்டுக்கும் எனக்குப் பதில் வரவில்லை.

பதில்: தம்பி, யானையா லொறியா பெரிது என்று கேட்கிற வயது அது. முதல் கேள்வியை நீங்கள் நினைக்கிற பாரத்தோடு அவள் கேட்கவில்லை. "இது அம்மா கும்பிடுகிற சாமி, இது அப்பா கும்பிடுகிற சாமி, நீ இரண்டு பேரோடும் வா" என்று சொன்னால் இப்போதைக்கு அவளுக்குப் போதும். செவ்வாய்க்கிழமைகளில் கொச்சிக்கடை அந்தோனியாரிடம் திருநீறு பூசிய நெற்றியோடு எத்தனை பேர் வந்து நிற்கிறார்கள் என்று அந்தப் பகுதியில் வளர்ந்த உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. அவர்களில் பலர் அங்கிருந்து ஜிந்துப்பிட்டி முருகனிடமும் போய்விட்டுத்தான் வீட்டுக்குப் போவார்கள். பெரியவர்கள் இழுப்பதைப் பிள்ளைக்கு முன்னால் நடக்க விடாதீர்கள். உங்கள் அம்மாவிடம் நீங்கள் கதையுங்கள், மாமியாரிடம் மனைவி கதைக்கட்டும், மாறிக் கதைக்கப் போனால் சண்டை வரும்.

இரண்டாவது கேள்விக்குப் பொய் சொல்லாதீர்கள். 2019இல் உயிர்த்த ஞாயிறன்று, ஆட்கள் கும்பிட்டுக்கொண்டிருந்த நேரம் கெட்ட ஆட்கள் குண்டு வைத்தார்கள், நிறையப் பேர் செத்துப்போனார்கள், அவர்களை நினைத்து அழுகிறார்கள் என்று குறுகச் சொல்லுங்கள். எந்த இனம், எந்த மதம் என்ற பேச்சு அதற்குள் வரவேண்டாம், அவளுடைய வகுப்பில் எல்லாப் பிள்ளைகளும் இருப்பார்கள். பயந்தால் கட்டிப்பிடியுங்கள். பிறகு மிச்சத்தையும் சொல்லுங்கள்: உடைந்த கோயிலை இரண்டு மாதத்துக்குள், யூன் மாதம் அந்தோனியார் திருநாளுக்கு முதல் நாள், திருத்தித் திறந்துவிட்டார்கள், சனம் திரும்பவும் வந்தது. அடுத்த தடவை அவளும் ஒரு மெழுகுதிரி ஏற்றட்டும், நீங்கள் கையைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: தெகிவளையிலிருந்து ஒரு அம்மம்மா எழுதுகிறேன். விஜயதசமியன்று மூன்று வயதுப் பேரனுக்கு ஏடு தொடக்கினோம். ஐயா கையைப் பிடித்து அரிசியில் "அ" எழுத வைக்க, அவன் தட்டை உதைத்து அரிசியெல்லாம் கொட்டிவிட்டான். அபசகுனமோ என்று மகள் இரண்டு நாளாகச் சாப்பிடவில்லை.

பதில்: அக்கா, மகளைச் சாப்பிடச் சொல்லுங்கள். தெரியாத ஒருவர் கையை இறுக்கிப் பிடித்தால் எந்தப் பிள்ளையும் உதைக்கும். தைப்பூசத்துக்குத் திரும்பவும் வையுங்கள், இந்த முறை உங்கள் மடியில் இருத்தி, நீங்களே கையைப் பிடித்து எழுதுங்கள். அதுவரை ஈர மணலில், சிந்திய மாவில், எங்கே வேண்டுமானாலும் அவன் விரலால் கீறட்டும்.

கொட்டிய அரிசியை என்ன செய்தீர்கள் என்று எழுதவில்லை. எடுத்து வைத்திருந்தால் அவனையும் பக்கத்தில் இருத்திக் கல்லைப் பொறுக்கிக் கழுவி, பயறும் சர்க்கரையும் போட்டு ஒரு புக்கை பொங்குங்கள். முதல் பிடியை மகளுக்கு அவன் கையால் கொடுக்க வையுங்கள்.